தவில் கிழிந்த இடம்

என்னை அவன் அடிக்கும்போதெல்லாம் வீட்டில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும். கட்டின புருஷனை ‘அவன்’ என்று எழுதுவதா என முகம் சுளிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ‘அவர்’ என்று போட்டும் எழுதிப் பார்த்தேன், கை கூசியது. விலா எலும்பை உடைத்தவனுக்கு மரியாதை ஒரு கேடா?

நாங்கள் குடியிருந்தது இராஜபாளையத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டின லைன் வீடுகளில் ஒன்றில். அவன் நூல் மில்லில் ஃபிட்டர். நான் பேண்டேஜ் துணி நெய்கிற பட்டறையில் வேலை பார்த்தேன். தறிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை உண்டு. அங்கே உட்கார்ந்து துணியைச் சுருட்டி, காகிதம் சுற்றி, அட்டைப் பெட்டியில் அடுக்குவோம். இன்றைக்கும் அதே வேலைதான். எந்த ஊரிலோ யாருக்கோ காயம் பட்டால் கட்டுகிற துணி எங்கள் கை பட்டுத்தான் போகிறது. என் காயத்துக்கும் அதிலிருந்தே எடுத்துக் கட்டியிருக்கிறேன், கேட்டால் அடுப்படியில் வழுக்கி விழுந்தேன் என்பேன். எங்கள் அடுப்படி மாதிரி வழுக்குகிற அடுப்படி இந்த ஊரிலேயே கிடையாது.

அவனுக்குக் குடி கிடையாது. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். குடித்துவிட்டு அடித்தால் ஊருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது, பாவம் மனுஷன், போதையில் செய்கிறான் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். இவன் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, திருநீறு பூசி, காபி குடித்துவிட்டு நிதானமாக அடிப்பான். எனக்கும் வாய் சும்மா இருக்காது. ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பேன், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவேன். ஆனால் நாள் முழுக்க இரும்பு திருகுகிறவன் கைக்கு முன்னால் பேண்டேஜ் சுருட்டுகிறவள் கை எம்மாத்திரம்?

மகள் வீட்டில் இருந்தவரை ஒன்றிரண்டு அறையோடு நிறுத்துவான். அவளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்த பிறகு கேட்க ஆளில்லை. பழைய மெஷின் பெல்ட் ஒன்றை மில்லிலிருந்து கொண்டு வந்து ஆணியில் மாட்டினான். விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று இப்போது எல்லோரும் சுலபமாகக் கேட்கிறார்கள். மகளின் மாமியார் வீடு என்ன சொல்லும், எந்தப் படியில் போய் நிற்பது என்று யோசித்தே காலம் போனது. அந்த யோசனை இருக்கிறதே, சனியன், அதுதான் பெல்ட்டைவிட மோசம்.

வானொலிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். என் வயிறு எரிவதே அதற்காகத்தான். அதில் நான் கேட்டது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்னக் கட்டடத்திலிருந்து நடக்கிற சமுதாய வானொலி. மழை வந்தால் இராஜபாளையம் வரை வராது, வெறும் இரைச்சல்தான் வரும். விளம்பரம் கிடையாது. நகைக்கடை, வேட்டி, சமையல் எண்ணெய் என்று யாரும் தொண்டை கிழியக் கத்த மாட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம் இசை நிகழ்ச்சி, பட்டறையில் இருந்த பழைய பெட்டியில்தான் முதலில் கேட்டேன். அதையே மறுபடி சாயங்காலம் ஆறு மணிக்குப் போடுவார்கள்.

நிகழ்ச்சியை நடத்துகிறவர் சம்பளம் இல்லாமல் வந்துபோகிறவர் என்று கேள்வி. குரல் எப்போதும் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும். மைக்கைத் தூக்கிக்கொண்டு கோவில் கொடைக்கும் வயல்காட்டுக்கும் போய் அவரே பதிவு செய்துகொண்டு வருவார். வந்ததை வெட்ட மாட்டார், ஒட்ட மாட்டார். அருவிக் கரையில் இருக்கிற அய்யனார் கோவிலில் பெண்கள் பாடின கும்மியைப் போட்டார் என்றால் அதில் பாதி அருவி இரைச்சல்தான். சேத்தூரில் நாற்று நட்டவர்கள் பாடினதற்கு நடுவே ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும், பாடுகிற பெண் அந்த ஆளைத் திட்டிவிட்டு அடுத்த அடியை எடுப்பாள். அந்தத் திட்டும் வானொலியில் வரும். எனக்கு அது அவ்வளவு பிடித்தது. கழுவித் துடைத்துப் பளபளவென்று தருகிற பாட்டுகளை நான் ஆயுசுக்கும் கேட்டாயிற்று. இதில் வேர்வை இருந்தது.

நாதஸ்வரத்தை அதற்கு முன் நான் கல்யாண மண்டபத்தில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அதையும் யார் கேட்டார்கள்? பந்திக்கு இடம் பிடிக்கிற அவசரத்தில் காதில் விழுந்ததுதான். பட்டறையில் முதல் நாள் அது வந்தபோது பக்கத்தில் இருந்தவள், “ஏட்டி, எல எப்பப் போடுவாவ? எனக்குப் பசிக்கி” என்றாள். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கின பிறகும் அந்த மனுஷன் வாசித்துக்கொண்டே இருந்தார். ஒரு ராகத்தை எடுத்து, அவசரமே இல்லாமல், குழந்தைக்குத் தலை சீவி விடுகிற மாதிரி சிக்கெடுத்துச் சிக்கெடுத்து வாசித்தார். தோடி என்று பிறகு சொன்னார்கள். என் கையில் இருந்த துணி சுருளாமல் மடியில் கிடந்தது. அழுகை வந்தது எனக்கு, காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த வாரமே சந்தையில் ஒரு வானொலிப் பெட்டி வாங்கினேன்.

“என்னட்டி எழவு பீப்பீ, நிறுத்துட்டி” என்றுதான் அவன் முதலில் சொன்னான். பிறகு அதன் பிரயோஜனம் அவனுக்குப் புரிந்தது.

கல்யாணத்தில் தாலி ஏறுகிற நேரம் ஐயர் விரலை ஆட்டி, “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று கத்துவார். தும்மல், இருமல், யாராவது சொல்லிவிடக்கூடிய அபசகுனமான சொல், எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்காக நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து முழங்கும். இது நம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். இதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று யோசித்தது, எனக்குத் தெரிந்து, இவன் ஒருவன்தான். முன்பெல்லாம் செல்போனில் சினிமாப் பாட்டு வைத்துவிட்டு அடிப்பான். அது சரிப்படவில்லை. பாட்டு நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும், நடுவில் விளம்பரக்காரன் பேசுவான், என் சத்தம் வெளியே போய்விடும். ஒரு சாயங்காலம் என் பெட்டியில் தவில் விடாமல் முழங்குவதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். சத்தத்தைக் கூட்டினான். கதவைத் தாழ்ப்பாள் போட்டான்.

பிறகு அவனுக்கும் சங்கீத ஞானம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே வந்தது. நாதஸ்வரம் தனியாக ராகம் வாசிக்கும்போது மூச்சு வாங்க இடைவெளி விழும், அது அவனுக்கு உதவாது. அப்போது சும்மா இருப்பான். தனி ஆவர்த்தனம் என்று ஒன்று உண்டு. நாதஸ்வரம் ஓய்ந்து, தவில்காரர் மட்டும் கைவரிசை காட்டுகிற பகுதி. அதற்காகக் காத்திருப்பான். தவில்காரர் முடிக்கப் போகும்போது ஒரே முத்தாய்ப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பார், மறுபடி நாதஸ்வரம் சேர்ந்துகொள்ளும். அந்த அடையாளம் தெரிந்ததும் இவன் பெல்ட்டை ஆணியில் மாட்டிவிடுவான். ஒரு நாளும் பிசகினது இல்லை. எந்த ராகத்துக்கும் பேர் தெரியாது, தனி எப்போது முடியும் என்பது மட்டும் தெரியும்.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான், அங்கே ஆணி அடித்தால் இங்கே காரை உதிரும். வீட்டிலேயே இஸ்திரி போட்டுப் பிழைப்பவள், புருஷன் இல்லை. வீட்டுப் பேச்சு தெலுங்கு, கோபம் வந்தால் அதுதான் வாயில் வரும், மற்ற நேரம் நம்மைப் போலத்தான் பேசுவாள். இஸ்திரிப் பெட்டியோடு மணிக்கணக்காக நிற்கிறவளுக்கு வானொலிதான் துணை. அவளும் ஆறு மணிக்கு அதே நிகழ்ச்சியைத்தான் வைப்பாள். குழாயடியில் ஒரு நாள், “ஒன் வீட்டுக்காரன் எம்புட்டு ரசனைக்காரன்ட்டி! இந்த லைன்ல எந்த ஆம்பள இப்படி ஒக்காந்து பாட்டுக் கேக்கான்?” என்றாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆரம்பத்தில் கத்திப் பார்த்தேன். தவிலுக்கு மேலே ஒரு பொம்பளைக் குரல் எங்கே ஏறும்? யாரும் வரவில்லை. பிறகு கத்துவதை விட்டுவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு தவிலைக் கேட்பேன். என் சங்கீதத்தைப் பறித்து எனக்கே கம்பாக்கிவிட்டானே என்ற ஆத்திரத்தில், விடமாட்டேன்டா, இது என்னுது, நீ அடி, நான் கேட்கிறேன் என்று ஒரு வீம்பு. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த வீம்பு இல்லாவிட்டால் என்றைக்கோ அரளி விதையை அரைத்திருப்பேன்.

மத்தியானம் பட்டறையில் கேட்பது என்னுடைய வாசிப்பு. சாயங்காலம் அதே வாசிப்பு அவனுடையது. தினமும் அடிப்பான் என்று இல்லை, எந்த நாள் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். இன்றைக்குத் தனி நீளம் என்று மத்தியானமே எனக்குத் தெரிந்துவிடும். தூக்குச்சட்டியில் கொண்டுபோன சோற்றைப் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிடுவேன்.

கடைசிக்கு முந்தின தடவை அவன் என் கழுத்தைப் பிடித்தான். கண் இருட்டி, காலில் உணர்வு போய், தவில் எங்கோ தூரத்தில் கேட்டது. எப்படியோ விட்டுவிட்டான். எழுந்து தண்ணீர் குடித்தபோது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அடுத்த முறை நான் மிஞ்ச மாட்டேன். அவன் கண்ணைப் பார்த்தேன், அவனுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு மத்தியானம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக் கோவில் திருவிழாவில் பதிவு செய்தது என்று சொல்லி நிகழ்ச்சிக்காரர் ஒன்றைப் போட்டார். கரகரப்பிரியா. நாதஸ்வரம் ஓய்ந்து தவில் தனி தொடங்கியது. மெதுவாக ஆரம்பித்து, நடையை மாற்றி, சூடு பிடித்து, இதற்கு மேல் ஒரு மனுஷன் கை எப்படிப் போகும் என்று நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்த நேரத்தில் ‘தப்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எல்லாம் நின்றுபோயிற்று.

பெட்டி கெட்டுப்போயிற்று என்று நினைத்து எங்களில் ஒருத்தி அதன் தலையில் ஓங்கித் தட்டினாள். பெட்டிக்கு ஒன்றும் இல்லை. உற்றுக் கேட்டால் கோவிலின் சத்தம் வந்துகொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை எதையோ கேட்டது. “ஏலே, ஓடுலே, வேற தவிலு எடுத்துட்டு வாலே” என்று தூரத்தில் ஒரு குரல். பிறகு மறுபடி அமைதி. வெகு நேரம் கழித்துத்தான் புதுத் தவில் வந்து, விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் நேயர்கள் போன் செய்து பேசலாம், அதுவும் அப்படியே வானொலியில் வரும். நான் அதுவரை பேசினதே இல்லை. அன்றைக்கு என்ன தோன்றினதோ, நம்பரைப் போட்டுவிட்டேன். கிடைத்துவிட்டது. பட்டறைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“ஐயா, நடுவுல எல்லாம் நின்னு போச்சே. அந்த எடத்த ஏன் வெட்டாமப் போட்டிய?”

“வெட்டி என்னம்மா செய்ய? அந்த எடத்துல வைக்கதுக்கு நம்மட்ட சோப்பு வெளம்பரமா இருக்கு? தவிலு தோலு கிழிஞ்சு போச்சு. வேற தவிலு வார வரைக்கும் கோவில்ல இருந்தவிய அம்புட்டுப் பேரும் காத்துக் கெடந்தாவ. நீங்களும் செத்த நேரம் காத்துக் கெடங்களேன்.”

“சாயங்காலமும் இப்படியேதான் வருமா?”

“இப்படியேதான் வரும். ஏம்மா?”

“சும்மாதான் கேட்டேன்” என்று வைத்துவிட்டேன். சும்மா ஒன்றும் கேட்கவில்லை.

நான் வானொலியில் பேசினது எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. மில்லில் எவனோ ஒருத்தன் போனில் அந்த வானொலியைக் கேட்டிருக்கிறான், ஷிப்ட் முடிகிற நேரத்தில் இவனிடம், “ஒம் பொண்டாட்டி கொரல் ரேடியோவுல கணீர்னு இருந்துச்சுப்பா” என்று சொல்லியிருக்கிறான். நான் உள்ளே நுழைந்ததும் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, நாற்காலியைக் கதவோடு சேர்த்துப் போட்டு உட்கார்ந்தான். குளித்திருந்தான். திருநீறு பூசியிருந்தான்.

“ரேடியோவுல பேசுனியாமே.”

“பேசுனேன். அதுக்கென்ன?”

“ஒங் கொரல் ஊருக்கே கேக்கணுமோ?”

அவன் எழுந்து பெட்டியைத் திருகினான். மறு ஒலிபரப்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது. “காப்பி போடு” என்றான். போட்டேன். அவன் காபி குடித்தான். ராகம் நடந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமும் அதே கரகரப்பிரியா, அதோடு அக்கா துணியை உதறுகிற சத்தம். பெல்ட் அவன் மடியில் சுருட்டிக் கிடந்தது. தனி தொடங்குவதற்காக அவன் காத்திருந்தான். நானும் காத்திருந்தேன். இருபது வருஷத்துக்கு மேலே குடித்தனம் நடத்தினதில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேட்டது அன்றைக்குத்தான்.

நான் பயப்பட்டது அடிக்கு இல்லை. மழை வந்து இரைச்சலாகிவிட்டால்? கரண்ட் போய்விட்டால்? யாராவது நிகழ்ச்சிக்காரரிடம் சொல்லி, கிழிந்த இடத்தை வெட்டியிருந்தால்? எல்லாவற்றையும்விட, அந்த இடம் வருகிறபோது என் கழுத்து அவன் கையில் இருந்தால்? மூச்சு வேண்டும். எது போனாலும் போகட்டும், தொண்டை மட்டும் எனக்கு வேண்டும்.

நாதஸ்வரம் ஓய்ந்தது. தவில் ஆரம்பித்தது. சத்தத்தை முழுக்கக் கூட்டிவிட்டு அவன் எழுந்தான்.

முதல் அடி முதுகில். இரண்டாவது காதோடு விழுந்தது. நான் முகவாயை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு சுருண்டேன். கழுத்தைத் தேடி அவன் கை வந்தது, என் இடது கையைக் குறுக்கே கொடுத்தேன். பிடித்துத் திருகினான். உள்ளே ஏதோ ஒடிகிற சத்தம் தவிலுக்கு மேலே எனக்கு மட்டும் கேட்டது. கத்தவில்லை. இப்போது கத்தினால் வீண். விலாவில் மிதித்தான், மறுபடியும் மிதித்தான். “பேசு, இப்பப் பேசுட்டி, ரேடியோக்காரி” என்றான். தவில் நடை மாறியது. மத்தியானம் கேட்டது எனக்கு அப்படியே மனப்பாடம். இதற்கு அப்புறம் ஒரு சுற்று சூடு பிடிக்கும். இதோ பிடிக்கிறது. வாய்க்குள் ரத்தம், அதை விழுங்கினேன். காற்றை இழுத்து வைத்துக்கொண்டேன்.

‘தப்’.

இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் தவில் நின்றது. அவன் ஓங்கின பெல்ட்டை நிறுத்தத் தெரியவில்லை. அது என் முதுகில் விழுந்த சத்தம் அந்த அமைதியில் துணியை ஓங்கிக் கிழித்த மாதிரி கேட்டது. நான் வாயைத் திறந்தேன்.

“அக்கா! என்னக் கொல்லுதான்க்கா! கதவ ஒடைங்க! நெஞ்சுல மிதிக்கான்! கொல்லுதான்!”

அவன் பாய்ந்துபோய்ப் பெட்டியின் திருகைப் பிடித்தான். ஏற்கெனவே முழுக்க இருந்ததை இன்னும் திருகினான். வந்தது மடவார் வளாகத்தில் யாரோ இருமின சத்தம். இன்னொரு தடவை திருகினான். குழந்தை எதையோ கேட்டது. நான் கத்திக்கொண்டே இருந்தேன். என்ன கத்தினேன் என்றுகூட முழுசாக நினைவில்லை, மகள் பேரைச் சொன்னேன், போலீஸ் என்றேன், அவன் பேரையும் சொன்னேன். ஆயுசில் முதல் தடவையாக அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன். அவன் பெட்டியைத் தூக்கி என் தலையில் அடித்தான். பெட்டி உடைந்தது. இப்போது எங்கள் வீட்டில் பாட்டும் இல்லை, கோவிலும் இல்லை, என் குரல் மட்டும்தான்.

கதவில் இடி விழுந்தது. நாற்காலி நகர்ந்தது. அவன் என் தலைமுடியைக் கையில் சுற்றி அடுப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டு விழுந்து, முதலில் உள்ளே வந்தது அக்கா. தெலுங்கில் கத்திக்கொண்டு வந்தாள். கையில் இஸ்திரிப் பெட்டி, கரி கனிந்து சிவந்திருந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முடியைப் பிடித்திருந்த அவன் முழங்கையில் அதை அப்படியே வைத்து அழுத்தினாள்.

அவன் அலறினான் பாருங்கள், அது லைன் முழுக்கக் கேட்டிருக்கும். தோல் பொசுங்குகிற வாடை வந்தது. பிடி விட்டது. பின்னாலேயே வந்த ஆண்கள் அவனைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய் அடித்தார்கள். செருப்பால் அடித்தார்கள், விறகுக் கட்டையால் அடித்தார்கள். அடித்தவர்களில் பாதிப் பேர் தங்கள் வீட்டில் கை நீட்டுகிறவர்கள்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் நான் போதும் என்று சொல்லவில்லை. வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அடிங்க, நல்லா அடிங்க என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே பார்த்தேன். அக்கா வீட்டில் வானொலி ஓடிக்கொண்டுதான் இருந்தது. புதுத் தவில் வந்துவிட்டது போல, விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்கள்.

பெரியாஸ்பத்திரியில் கைக்கு மாவுக்கட்டு, தலையில் தையல், விலாவுக்கு ஒன்றும் செய்ய முடியாது, சிரிக்காமல் இருமாமல் இருங்கள் என்றார்கள். போலீஸ் அவனிடம் கேட்டபோது, “பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தோம், வழுக்கி விழுந்துட்டா” என்றானாம். கையில் இஸ்திரிப் பெட்டியின் முனை அச்சுக் குத்தின மாதிரி இருக்கிறதே, அது எப்படி வழுக்கினது என்று விசாரிக்க வந்த பெண் போலீஸ் கேட்டிருக்கிறாள். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. அவன் வாய்தாவுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறான். மகள் திருப்பூரிலிருந்து ஓடி வந்து, “ஏம்மா எங்கிட்டச் சொல்லல, ஏம்மா எங்கிட்டச் சொல்லல” என்று அதையே சொல்லிக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மாமியார் என்ன சொல்வாளோ என்று நான் பயந்தேனே, அந்த மாமியார்தான் எனக்குச் சோறு ஊட்டிவிட்டாள்.

மகள் ஊருக்குப் போன பிறகு என்னைப் பார்த்துக்கொண்டது அக்கா. கஞ்சி வைத்துக் கொடுப்பாள், தலைக் கட்டை அவிழ்த்து மருந்து போட்டுக் கட்டுவாள். எங்கள் பட்டறைத் துணிதான், சுருளைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். லைன் முழுக்க அவளைக் கொண்டாடினார்கள். வருகிறவர்களிடமெல்லாம், “எனக்கு அன்னைக்குத்தாம்மா கேட்டுச்சு, தவிலு நின்னதும் கேட்டுச்சு, கேட்டதும் ஓடியாந்துட்டேன்” என்று சொல்லுவாள். நானும் வருகிறவர்களிடம், இந்த அக்கா இல்லாவிட்டால் நான் இல்லை என்பேன்.

ஒரு சாயங்காலம் கட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“ஏட்டி, ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்கக்கா.”

“அன்னைக்குத்தான் கேட்டுச்சுன்னு எல்லார்ட்டயும் சொல்லுதேன்ல?”

“ஆமா.”

“இல்லட்டி. மொதல்லருந்தே கேட்டுச்சு. நீ கத்துனது கேட்டுச்சு. நீ கத்துறத விட்டப் பொறவு அந்த பெல்ட்டுச் சத்தம் கேட்டுச்சு. அடுத்த வீட்டு வெவகாரம், தனியா இருக்கிற பொம்பள நான், நமக்கு எதுக்குன்னு...” அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “கேக்கும்போதெல்லாம் நான் ரேடியோவக் கூட்டி வச்சுக்கிட்டேன்ட்டி. ஒன் வீட்டுக்காரன் ரசனைக்காரன்னு சொன்னேன் பாரு, அது எனக்கு நானே சொல்லிக்கிட்டது. அன்னைக்கு ரெண்டு வீட்டுலயும் பாட்டு நின்னு போச்சு. கூட்டி வைக்க ஒண்ணும் இல்ல.”

என் வலது கை நன்றாகத்தான் இருந்தது. ஓங்கி ஒரு அறை விட்டேன். தையல் போட்ட இடம் விண்ணென்று தெறித்தது. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொள்ளக்கூட இல்லை, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொன்று விடலாம் போல இருந்தது. கை அதற்குத் தயாராக இருந்தது, அதில் ஒரு சுகம்கூட இருந்தது. அந்தச் சுகம் தெரிந்ததும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அத்தனை வருஷம் வாங்கின அடிக்கு அழாத அழுகை. நான் தனியாகக் கிடக்கிறேன், யாருக்கும் கேட்கவில்லை, அதனால்தான் யாரும் வரவில்லை என்று நினைத்து எப்படியோ தாங்கியிருந்தேன். கேட்டிருக்கிறதே! சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷி நின்று கேட்டிருக்கிறாளே!

அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கீழே உருண்டுபோன துணிச் சுருளை எடுத்து, தூசியைத் தட்டினாள். அழுக்கான பாகத்தைக் கத்தரித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை வைத்து என் தலையைக் கட்டி முடித்தாள். தெருவில் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறு மணி ஆகியிருக்கும். வாசல் வரை போய் அவள் நின்றாள்.

“இனிமே அந்த நிகழ்ச்சிய வைக்க மாட்டேன்” என்றாள்.

“வைங்க” என்றேன். “என் பெட்டிதான் ஒடஞ்சு போச்சே. நான் எதுல கேக்க?”

“எம்புட்டுச் சத்தமா வைக்கட்டும்?”

“நான் கூப்பிட்டா ஒங்களுக்குக் கேக்குத அளவுக்கு வைங்க.”